நம்பகமான முகவரி

“ஒரு பதில்கூட வரலையே! உன் அக்காவை எந்த ஆஸ்பத்திரி கூப்பிடப் போகுது?” என்று அத்தான் சிரித்தார்.

அக்காவின் போன் அவர் கையில் இருந்தது. வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அதை வாங்கி, வந்திருக்கும் அஞ்சல்களைப் பார்த்துவிடுவார்.

அக்கா நர்ஸ். கல்யாணத்துக்குப் பிறகு அவளை வேலைக்குப் போக விடவில்லை. அவள் வெளியூர் மருத்துவமனை ஒன்றுக்கு விண்ணப்பித்தது தெரிந்த நாளிலிருந்து வீட்டில் இதே கச்சேரிதான்.

அவள் தலை நிமிராமல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

“ஸ்பேம்ல பாத்தீங்களா அத்தான்?”

“விடுடி, அங்கெல்லாம் ஒண்ணும் இருக்காது” என்றாள் அக்கா. பாவம், நம்பிக்கையே போய்விட்டது என்று நினைத்தேன்.

“என்ன மச்சினி, சாயங்கால கம்ப்யூட்டர் கிளாஸ்ல ஒரு வாரம் பெஞ்சைத் தேய்ச்சதும் எனக்கே பாடமா? இந்தா, நீயே தேடு.” போனை மேசைமேல் தள்ளிவிட்டார்.

நேற்றுதான் அந்தப் பாடம் நடந்தது. குப்பை என்று தவறாக ஒதுக்கப்பட்டதைக் கண்டுபிடி. அனுப்பியவர் முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபார். ‘ஸ்பேம் அல்ல’ என்பதை அழுத்து. முகவரியைத் தொடர்புகளில் சேர்.

வகுப்பில் வரிசையை மாற்றிச் செய்து திட்டு வாங்கியவள் நான். இன்று பிசகக் கூடாது.

லாட்டரிப் பரிசுக்காரர்களுக்கும் கடன் தருகிறவர்களுக்கும் நடுவில் அது இருந்தது. மருத்துவமனையின் பெயர்.

சரிபார்த்தேன். அழுத்தினேன். சேர்த்தேன். இன்பாக்ஸின் உச்சியில் வந்து உட்கார்ந்தது.

படிக்காத அஞ்சல் தடித்த எழுத்தில் தெரியும் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். இது நான் திறப்பதற்கு முன்பே மெல்லிய எழுத்தில் இருந்தது. எங்கேயோ தப்புச் செய்துவிட்டேனோ? எனக்கு எதிலும் வருகிற சந்தேகம்தான் என்று தள்ளிவிட்டேன்.

“இப்ப என்ன சொல்றீங்க?” போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

கத்தியின் சத்தம் நின்றது. அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை.

அத்தான் உரக்கப் படித்தார். “தங்கள் சம்மதம் கிடைத்தது. தங்குவதற்கு ஊழியர் விடுதியில் இடம் ஒதுக்கியுள்ளோம். வியாழன் காலை வந்து சேரவும்.”

அதை ஸ்பேமில் போட்டது இயந்திரம் இல்லை. அந்த வீட்டில் அத்தான் திறந்து பார்க்காத இடம் அது ஒன்றுதான்.

“வியாழக்கிழமையா?” என்றார். அவர் குரலில் இப்போது கேலி இல்லை.

போனைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எழுந்து போய் வாசல் கதவை உள்பக்கமாகப் பூட்டிவிட்டு, சாவியையும் அதே பையில் போட்டார்.