மூன்றாவது படம்

ஒளிப்பெட்டியில் ஐந்து கழுத்து எக்ஸ்ரே படங்கள் ஒளிர்ந்தன. பெயர்களின் மேல் கறுப்புப் பட்டை ஒட்டியிருந்தது.

"நாலு படம் போன வாரம் நீங்க ஒருத்தரை ஒருத்தர் எடுத்துப் பழகினது. அந்த நாலு பேரும் இங்கதான் உட்கார்ந்திருக்காங்க. அஞ்சாவது ஆள் மண்ணுக்குள்ள. யாருன்னு காட்டு, மெர்னா கோஸ்டர்" என்றார் டாக்டர் ஹாலிக்.

மெர்னா எழுந்தாள்.

எக்ஸ்ரே பாடத்தில் இரண்டு முறை தவறியாயிற்று. இன்றும் தவறினால் முதுகெலும்பு வைத்தியப் படிப்பை மூட்டை கட்டிவிட்டு, அப்பாவின் பன்றிப் பண்ணைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

கோட்டுப் பைக்குள் தன் ஈய எழுத்துகளை விரலால் உருட்டினாள். படம் எடுப்பவர் தன் பெயரின் முதலெழுத்துகளைப் படத்தின் ஓரத்தில் பதியவைப்பது கல்லூரி வழக்கம்.

"சீக்கிரம் சொல்லித் தொலை. தோள் வலிக்குது, வந்து நீவி விடு" என்று பின்னாலிருந்து கிசுகிசுத்தான் ஓரின்.

அவளுடைய பயிற்சி ஜோடி. வைக்கோல் கட்டு தூக்கியதில் பிடித்துக்கொண்ட வலது தோள் என்கிறான். ஒரு மாதமாக அவளும் அவன் கழுத்தைச் சொடுக்கித்தான் பார்க்கிறாள். வலி விட்டபாடில்லை.

அவள் இரண்டு முறை தவறியது எலும்பையே பார்த்துக்கொண்டிருந்ததால்தான். இந்த முறை எலும்பை விட்டாள். ஓரங்களைப் பார்த்தாள்.

மூன்றாவது படத்தின் அடியில், வலது நுரையீரலின் நுனி எட்டிப்பார்க்கும் இடம். காற்று நிறைந்து கறுப்பாக இருக்க வேண்டிய இடம்.

அங்கே வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது.

"மூணாவது, டாக்டர். நுரையீரல் நுனியில கட்டி."

ஹாலிக் உதட்டைப் பிதுக்கினார். "அஞ்சாவதும்மா. எலும்பே அரிச்சுக் கிடக்கு, தெரியலையா?"

வகுப்பு சிரித்தது. "உங்க பன்னிங்களுக்கு நல்ல காலம்" என்றான் ஓரின்.

"மூணாவதுல ஒண்ணுமே இல்லையே" என்று சொல்லிக்கொண்டே ஹாலிக் குனிந்தார்.

குனிந்தவர் நிமிரவில்லை.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பெயரை மறைத்த பட்டையின் மேல் அவர் விரல் போனது. உரிக்காமல் அங்கேயே நின்றது.

சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது.

மெர்னாவுக்குப் பட்டையை உரிக்கத் தேவையிருக்கவில்லை. படத்தின் ஓரத்தில் வெள்ளையாக இரண்டு எழுத்துகள் தெரிந்தன. எம்.கே.

அவள் இதுவரை ஒரே ஒருவரைத்தான் படம் எடுத்திருக்கிறாள்.

பின்னால் ஓரின் மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டு மேசையைத் தட்டிக்கொண்டிருந்தான், இடது கையால்.