டம்ளர் வைக்கும் சத்தம்

திரையில் அப்பாவின் உதடுகள் மூடிய பிறகுதான் குரல் வருகிறது. படம் கேமராவில், குரல் தனி ரெக்கார்டரில். தொடங்கும்போது ஒரு கை தட்டியிருந்தால் அந்தச் சத்தத்தை வைத்து இரண்டையும் பொருத்துவது சுலபம், மகன் மறந்துவிட்டான். "குரலும் அவரை மாதிரியே லேட்டாத்தான்டா வருது," என்கிறாள் அம்மா. சிரிப்பு பாதியில் நிற்கிறது. கழுத்தில் கட்டோடு அப்பா பக்கத்தில் இருக்கிறார். அறுவை சிகிச்சைக்குப் பின் அவருக்குக் குரல் இல்லை. மிச்சம், அதற்கு முன் எடுத்த இந்த நாலு நிமிடம்தான். படத்தில் அவர் டம்ளரை மேசையில் வைக்கிறார். படத்துக்குக் கீழே ஓடும் ஒலிக்கோட்டில் அந்த 'டக்' ஊசிபோல் எழுந்து நிற்கிறது. மகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசியை டம்ளருக்கு நேராக நகர்த்தி, ஓடவிடுகிறான். "என்ன பேசறதுன்னே தெரியலையேடா," என்கிறார் திரையில், உதடும் குரலும் ஒன்றாக. பக்கத்தில் அப்பாவின் உதடுகள் அதையே சத்தமில்லாமல் சொல்கின்றன.