இன்னும் கொஞ்சம் காரம்

"இன்னும் காரம் வேணுமாம்" என்று சொல்லி, வேட்பாளரின் உதவியாளர் உள்ளறையிலிருந்து வந்து மூன்றாவது முறையாகத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

உரை எழுதுபவன் வாங்கிப் பார்த்தான். 'வழி தவறியவர்' என்று அவன் எழுதியதை யாரோ சிவப்பு மையால் அடித்துவிட்டு, 'சாமி வேஷம் போட்ட கயவன்' என்று எழுதியிருந்தார்கள். உள்ளறையில் இருப்பது வக்கீலாகத்தான் இருக்க வேண்டும். வக்கீல்கள் வார்த்தையைக் குறைக்கத்தான் சொல்வார்கள், இவர் கூட்டச் சொல்கிறாரே என்று அவனுக்கு ஆச்சரியம்.

எதிரே வேட்பாளர் காலை மேஜைமேல் தூக்கிப் போட்டு நகம் வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு துண்டு தெறித்துத் தாளின்மேல் விழுந்தது. சீ, என்ன ஜென்மமோ! போன வருஷம்வரை அந்தச் சாமியாரின் காலடியில் உட்கார்ந்து போட்டோ எடுத்து ஊரெல்லாம் ஒட்டியவர். ஆசிரமத்துப் பெண்கள் வாய் திறந்தார்கள், சாமியார் தலைமறைவானார். ஓட்டு போய்விடுமே என்று இன்று மாலை மேடையில் அவரைத் திட்டப் போகிறார்.

எழுதுபவனுக்கு இந்த ஆளைக் கண்டாலே ஆகாது. ஆனால் அந்த ஆசிரமத்திலிருந்து தப்பி வந்த அவன் தங்கை ஆறு மாதமாக அறையைவிட்டு வெளியே வருவதில்லை. நாலு பேர் நடுவில் யாராவது அந்தச் சாமியாரைப் பேர் சொல்லித் திட்டுவதை அவள் ஒரு தடவையாவது கேட்க வேண்டும். அதற்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கடைசியில் பேர் போடாமல் அவள் கதையையே எழுதினான். இருபது வயதுப் பெண், மொட்டை மாடியிலிருந்து குதித்துத் தப்பினாள் என்று. வேட்பாளர் படித்துவிட்டு, "அருமை தம்பி. இப்பதான் ஜனங்க நம்புவாங்க" என்றார். யார் பெற்ற பெண் என்றுகூடக் கேட்கவில்லை.

தாள் உள்ளே போய்த் திரும்பி வந்தது. 'மொட்டை மாடி' அடிக்கப்பட்டு, 'சமையலறை ஜன்னல்' என்று திருத்தப்பட்டிருந்தது.

அந்த வரியை அவன் இரண்டு தடவை படித்தான். உண்மையில் அவள் சமையலறை ஜன்னல் வழியாகத்தான் தப்பினாள். அடையாளம் தெரியக் கூடாதென்று அவன்தான் மாற்றி எழுதியிருந்தான். அவள் போலீஸில் கொடுத்த புகாரை இந்த வக்கீல் வரி விடாமல் படித்திருக்கிறார் போலும். இப்படி ஒருத்தர் நமக்குக் கிடைக்கவில்லையே என்று அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

எழுந்து வேட்பாளரிடம் போனான். "ஐயா, இந்தப் பொண்ணு என் தங்கச்சிதான். உள்ள இருக்கிற வக்கீலே அவ கேஸையும் நடத்தணும். ஒரு தடவை பாக்கலாங்களா?"

நகவெட்டி நின்றது. வேட்பாளர் அன்றைக்கு முதல் தடவையாக அவன் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். காலைக் கீழே இறக்கினார். எழுந்து போய் உள்ளறைக் கதவில் கை வைத்தார்.

"செருப்பை இங்கயே விட்டுட்டு வாங்க தம்பி. சாமி உள்ளதான் இருக்காரு."