தாளாளர் அடித்த பெனால்டி

கல்லூரிக் கால்பந்து வீடியோ கேமின் வெளியீட்டு விழா. மேடையிலிருந்த மூன்று கன்சோல்களுக்கும் சந்தனம், குங்குமம் வைத்திருந்தார்கள். கேமுக்குள் எங்கள் பெண்கள் அணி இருந்தது. எதிரணியில், தொப்பை இல்லாமல், தலை கொள்ளாத முடியோடு எங்கள் தாளாளர் இருந்தார். அவர் பெனால்டி அடிக்க வேண்டும், கோல்கீப்பர் ஷெர்லின் தன் பொம்மையை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ‘முதல் கோல் கண்ட நாயகரே!’ என்று ஃப்ளெக்ஸ் கூட முந்தின நாளே கட்டியாகிவிட்டது.

பி.டி. மாஸ்டர் ஷெர்லினின் காதருகே குனிந்தார். “ஒரு கோலு விட்டுரு மக்களே. அடுத்த வருஷம் டீம்ல இருக்கணுமா, வேண்டாமா? வெறும் பொம்மைதானே!”

“பொம்மைக்க முதுகுல எனக்க பேரைல்லா போட்டிருக்கு, சார்.”

தாளாளர் அடித்தார். ஷெர்லினின் பொம்மை வலப்பக்கம் பாய்ந்து பந்தைப் பிடித்தது. கைதட்டத் தூக்கிய கைகளை முதல் வரிசைப் பேராசிரியர்கள் மெல்ல மடியில் இறக்கிக்கொண்டார்கள்.

“இந்த மெஷின் சரியில்ல” என்றார் தாளாளர்.

அடுத்த கன்சோலை இயக்கினார்கள். இந்த முறை பொம்மை காலால் தடுத்தது. அதுவும் சரியில்லை என்றார். மூன்றாவதில் பந்து பொம்மையின் நெஞ்சில் மோதித் திரும்பியது. பின்வரிசையில் ஒருத்தி விசிலடித்தாள். பொன்னாடையோடு எழுந்த கல்லூரி முதல்வர், போர்த்துவதா உட்காருவதா என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

“மூணுமே மக்கர்!” என்று தாளாளர் கேம் கம்பெனிக்காரரைப் பார்த்துச் சத்தம் போட்டார். மாஸ்டர் கையை நீட்டியும் ஷெர்லின் கன்ட்ரோலரைக் கொடுக்கவில்லை.

“வேற மெஷின் இருந்தா கொண்டாரச் சொல்லுங்க சார்,” என்றாள். “நான் இங்கதான் நிக்கேன்.”