கடைசி ஏழு மாத்திரை

மாமியார் படுக்கையறைக் குப்பைக்கூடையைக் கிளறிக்கொண்டிருந்தாள். காற்று பலமாக இருக்கிறது, இன்று வேலை இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட மருமகள், அதை அறை வாசலிலேயே நின்று பார்த்துவிட்டாள்.

சுருக்கென்றது. மாமியார் ஊரிலிருந்து வந்து பத்து நாள்கூட ஆகவில்லை, அதற்குள் துப்பறிய ஆரம்பித்தாயிற்று.

மருமகள் டவர் கிரேன் ஓட்டுகிறவள். காலையில் ஏணி ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் தரையை மிதிப்பாள். மேலே கேபினில் கழிப்பறை கிடையாது. மாதவிலக்கு நாட்களில் வலியும் உதிரப்போக்கும் அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிட, டாக்டர்தான் கர்ப்பத்தடை மாத்திரையை இடைவெளி விடாமல் போடச் சொன்னார். இரண்டு வருடமாக நிம்மதி.

இதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது? போனில் யார் கூப்பிட்டாலும் "இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்ல" என்று பெருமூச்சு விடுகிற மனுஷி. தெரிந்தால் சொந்தபந்தம் முழுக்கத் தமுக்கடித்துவிடுவாள். அதனால்தான் தீர்ந்த அட்டையைக் காகிதத்தில் சுற்றிப் போட்டிருந்தாள். அந்த அட்டை இப்போது மாமியார் கையில்.

"இது புள்ள உண்டாகாம இருக்கப் போடுறதுதானே?"

"ஆமா அத்தை."

மாமியார் பர்ஸை எடுத்தாள், செருப்பை மாட்டினாள், அட்டையோடு போய்விட்டாள். அடுத்த தெருவில்தான் நாத்தனார் வீடு. பஞ்சாயத்து கூடப்போகிறது என்று மருமகள் சமையலறையில் உட்கார்ந்து பதில்களை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்தாள்.

அரைமணியில் திரும்பிய மாமியார், பழைய அட்டைக்குப் பக்கத்தில் புத்தம்புது அட்டை ஒன்றை வைத்தாள்.

"கடைசி ஏழு மாத்திரை அப்படியே இருக்கு. நிறுத்திட்டியா?"

"அது வந்து அத்தை..."

"நான் நச்சரிக்கிறேன்னுதானே? நாலு பேர் கேட்டா நானும் நாலு வார்த்தை சொல்லுவேன். அதுக்காக மனசில்லாம பெத்துக்குவியா? அவ்வளவு உயரத்துல வேலை பாக்கிற பொண்ணு, உனக்கு எப்போ தோணுதோ அப்போ பெத்துக்கோ. நானும் இதைப் போட்டவதான். ரெண்டு நாள் மறந்தேன், உன் புருஷன் வந்து நின்னான்."

மருமகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. அந்த ஏழிலும் மருந்தே கிடையாது, அதைப் போடுகிற நாட்களில்தான் மாதவிலக்கு வரும், அதைத் தள்ளிவிட்டு அடுத்த அட்டைக்குப் போனால் வராது என்று நிதானமாக விளக்கினாள். தன் காலத்தில் இதை ஒருத்தரும் சொல்லவில்லையே என்று மாமியார் அங்கலாய்த்துக்கொண்டாள்.

"இதை நீங்களே கடையில கேட்டு வாங்கினீங்களா அத்தை?"

"வெக்கமாத்தான் இருந்துச்சு. மாடி வீட்டுக்காரி வேற பக்கத்துல நின்னா. யாருக்குன்னு கடைக்காரன் கேட்டான். உன் பேரை எதுக்கு இழுக்கணும்? எனக்குத்தான்னு சொல்லிட்டேன்."