நிறுத்தத் தெரிந்த உடம்பு

பன்னிரண்டாவது துணிப்பையைப் பிரித்தாள்.

உள்ளே பழந்தின்னி வௌவால். தாடையை விரலால் மெல்ல அழுத்தினாள். வாய் திறந்தது. பஞ்சுக் குச்சியைத் தொண்டையில் விட்டுச் சுழற்றி எடுத்தாள். குப்பியில் போட்டு மூடினாள்.

விடிந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. இரை தேடிப் போய்விட்டுக் குகைக்குத் திரும்பும்போது வலையில் விழுந்தவை இவை. இன்னும் ஒன்பது பைகள் கயிற்றில் தொங்கின.

முகக்கவசத்துக்குள் மூச்சு புழுங்கியது. நான்கு வருடங்களாக மாதம் ஒருமுறை இதே குகை. முதுகு வலிக்காத ஒரு விடியல்கூட அவளுக்கு நினைவில்லை.

மொக்கச்சாமி டார்ச்சைப் பிடித்திருந்தார். வனத்துறையில் தினக்கூலி. வலை கட்டுவார், பை எடுத்துக் கொடுப்பார், கால் வளையத்தில் இருக்கும் எண்ணைப் படித்துச் சொல்வார். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

இன்று பேசினார்.

"நூத்திப் பதினாலு, டாக்டரம்மா. போன மாசம் கொரோனா இருந்துச்சுன்னீங்களே, அது இதுதானே?"

"இதுதான். ஆனா நமக்கு வந்த கொரோனா இல்ல. அதுக்குத் தூரத்துச் சொந்தம்."

"கொழுகொழுன்னு இருக்கே."

எடை பார்த்தாள். ஏழு கிராம் கூடியிருந்தது.

"காய்ச்சல்கூட அடிக்காதா இதுக்கு?"

கல்லூரி கல்லூரியாகப் போய்ப் படம் போட்டு விளக்கிய விஷயம்தான். இப்போது அதற்குத் தெம்பில்லை.

"இதோட உடம்பு எப்பவும் முழிச்சுக்கிட்டே இருக்கும். வைரஸ் வந்ததுமே அடக்கிரும். அதோட நிறுத்திக்கும். நம்ம உடம்பு லேட்டா ஆரம்பிக்கும். ஆரம்பிச்சா சிலருக்கு நிறுத்தத் தெரியாது. வைரஸ் போன பிறகும் சொந்த நுரையீரலையே அடிச்சுக்கிட்டிருக்கும்."

டார்ச் வெளிச்சம் கொஞ்சம் இறங்கியது.

"வீராயிக்கு அப்படித்தான் ஆயிருக்கும்."

இரண்டாம் அலையில் போன மனைவி. வேலைக்கு வந்த முதல் நாள் ஒரே ஒருமுறை அந்தப் பெயரைச் சொல்லியிருந்தார்.

"ஆறு நாள் வீட்லயே வச்சிருந்தேன். கசாயம் வச்சுக் குடுத்தேன். மூச்சு வாங்கின பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். முன்னாடியே போயிருந்தா பொழச்சிருப்பாளா?"

அவள் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. வௌவாலைப் பார்த்துக் கேட்டார்.

பிழைத்திருக்கலாம். அதுதான் பதில்.

வௌவாலைப் பாறை விளிம்பில் விட்டாள். தொற்றிக்கொண்டது. ஒரு கணம் தலைகீழாக அவர்களைப் பார்த்தது. குகை இருளுக்குள் போய்விட்டது.

"எங்க வீட்டுக்காரரை ரெண்டாம் நாளே கூட்டிட்டுப் போனேன்," என்றாள். "பெரிய ஆஸ்பத்திரி. அப்படியும் போயிட்டார்."

மொக்கச்சாமி திரும்பிப் பார்த்தார். அவர் தோள்கள் மெதுவாகத் தளர்ந்தன. எதையோ இறக்கி வைப்பது போல டார்ச்சைக் கீழே வைத்தார்.

இரண்டாம் நாள் இல்லை. அவரைக் கூட்டிப் போனது ஒன்பதாம் நாள்.

அந்த மாதம் ஊர் முழுவதிலிருந்தும் சளி மாதிரிகள் அவளுடைய ஆய்வகத்தில் வந்து குவிந்தன. அங்கேயே தூங்கினாள். கணவர் இளம்பரிதி போனில் இருமினார். லேசான காய்ச்சல்தான், நீ வேலையைப் பாரு என்றார்.

பார்த்தாள்.

ஆயிரக்கணக்கான பேரின் முடிவுகளைச் சொன்னவள், அவருடைய மாதிரியை எடுக்க ஆள் அனுப்பியது ஆறாம் நாள்.

"அப்படின்னா உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா," என்றார் மொக்கச்சாமி. "மனசுல வச்சுக்கிடாதீங்க."

இத்தனை வருடங்களில் யாரும் அவளிடம் அதைச் சொன்னதில்லை.

பாதுகாப்புக் கண்ணாடிக்குள் ஈரம் படர்ந்தது. கையுறைக் கையால் கண்ணைத் தொடக் கூடாது.

"அடுத்த பை," என்றாள்.