ஆறு மணி நீலத்திரை

“தம்பி, இது நாலாவது தடவைங்க. இன்னைக்கும் சரியாகலைன்னா வேற ஆளைப் பாத்துக்கறனுங்க” என்றார் பனியன் கம்பெனி முதலாளி சுப்புலட்சுமி, தையல் பகுதி முழுக்கக் கேட்கும்படி.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரன் குமரன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். மண்ணரை வட்டாரத்தில் அவனுக்கு மிஞ்சியிருந்த வருஷக் கான்ட்ராக்ட் இது ஒன்றுதான். இதுவும் போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

கோளாறு என்னவோ சின்னது. டிசைன்கள் இருக்கும் கையடக்க ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினால் திரை நீலமாகிக் கம்ப்யூட்டர் படுத்துவிடுகிறது. தினமும் ஆறு மணிக்கு அந்த டிஸ்க்கோடுதான் சுப்புலட்சுமி வீட்டுக்குக் கிளம்புவார். பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் கேட்கிற டிசைன்களை நடுராத்திரி வரை அனுப்புவார். இப்போது டிசைன் அழிந்துவிடுமோ என்ற பயத்தில் டிஸ்க் மாட்டியபடியே கிடக்கிறது.

டிஸ்க்கை இயக்கும் பழைய டிரைவர் மென்பொருள்தான் குற்றவாளி. மூன்று முறையும் குமரன் புதியதைப் போட்டு, கழற்றிக் காட்டிவிட்டுத்தான் போனான். சுப்புலட்சுமியும் ஒவ்வொரு முறையும் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தார். மறுநாள் காலையில் போன் வந்துவிடும்.

இப்போதும் பின்னால்தான் நின்றிருந்தார். பையர் ஆபீஸிலிருந்து அழைப்பு வந்தது.

“டிஸ்க்கைக் கழட்டுனா சிஸ்டம் நெசமாவே நிக்குதுங்க. முருகன் மேல சத்தியம். நான் பொய் பேசி எப்பவாச்சும் பாத்திருக்கறீங்களா?” என்றபடி தன் அறைக்குப் போனார்.

யாரும் பார்த்ததில்லை. சரக்கு தாமதமானால் ஊரே பத்துக் காரணம் சொல்லும். அவர் மட்டும் ‘எங்க தப்புங்க’ என்பார்.

குமரன் கம்ப்யூட்டரின் பதிவுகளைத் துழாவினான். நேற்று மாலை 5.40-க்கு யாரோ பழைய டிரைவரையே திரும்பப் போட்டிருந்தார்கள்.

“நீங்க மாத்துனீங்களா?” என்று டிசைனர் சித்ரகலாவிடம் கேட்டான்.

“நானா? அஞ்சரை பஸ்ஸை விட்டா அவிநாசிபாளையத்துக்கு எப்படிங்க போறது?”

அதுவும் நியாயம்தான். குமரன் புதியதைப் போட்டு, யாரும் கைவைக்க முடியாதபடி ஒரு பாஸ்வேர்டும் போட்டான். நிம்மதியாக முதலாளி அறைக்குள் போனான்.

“சரியாயிருச்சுங்கம்மா. பாஸ்வேர்ட் போட்டாச்சு. இனிமே யாராலும் பழையபடி மாத்த முடியாதுங்க.”

சுப்புலட்சுமியின் முகம் வாடிவிட்டது. எழுந்து கதவைச் சாத்தினார். அடுத்த வருஷக் கான்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டு அவனிடம் நீட்டினார்.

“வெளிய வைஞ்சதை மனசுல வெச்சுக்காதே கண்ணு. நாலு நாளா டிஸ்க் ஊட்டுக்கு வரலை, பையரும் ராத்திரில கூப்பிடலை. சூடாத் தோசை தின்னுட்டு ஒம்பது மணிக்கே தூங்கறேன். எனக்குப் பொய் சொல்ல வராது, அதனால சிஸ்டம் நெசமாவே நிக்கோணும். பழையதை எப்படித் திரும்பப் போடறதுன்னு உன் பின்னாடி நின்னே கத்துக்கிட்டேன். அந்த பாஸ்வேர்டை மட்டும் சொல்லிப்போடு.”